சிவப்பு நூலில் மூன்று எழுத்து

ரிப்பனின் நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, சவப்பெட்டி மூடியின் உட்பக்கத்துப் பட்டில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள் செத்தவரின் மகள் லிண்டா. மனைவி பேர், மகள் பேர், மகன் பேர் எல்லாம் வெள்ளை ரிப்பனில் தங்க எழுத்தாக வரிசையில் ஏறிவிட்டன. லிண்டாவின் இரண்டு பெண்களும் ஏறியாயிற்று. மிச்சம் தம்பி பிள்ளையின் பேர்தான்.

"ரோவேனா, பூபோயோட முழுப் பேர் வின்சென்ட் மட்டும்தானா, கூட ஏதாவது இருக்கா?" ரிப்பனை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டாள். "ரிப்பன் எழுதுற கடைப் பொண்ணு வெளியில பைக்ல காத்திருக்கா. இதையும் எழுதி வாங்கிட்டா முடிஞ்சுது."

ரோவேனா காப்பித் தட்டோடு நின்றாள். பெட்டியின் கண்ணாடிக்கு அடியில் அவள் மாமனார் வெனான்சியோ, உயிரோடு இருந்தவரை யார் கெஞ்சியும் போடாத கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். கையில் சுற்றியிருந்த ஜெபமாலையை, வீட்டில் அடுத்த சாவு தொடராமலிருக்க, முறைப்படி அறுத்து விட்டிருந்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அப்பா என்று கூப்பிட்ட மனிதர். மகனைவிட மருமகளோடுதான் அவருக்குப் பேச்சு அதிகம், மகன் எப்போதும் கடலில் இருந்ததால்.

"பூபோய்னே போடுங்க அக்கா. அப்பா அவனை வேற எப்படிக் கூப்பிட்டாரு?"

லிண்டா ரிப்பனை வாயிலிருந்து எடுத்தாள். "அதுவும் சரிதான். அப்பாவுக்கு அடையாளம் தெரிஞ்சா போதும்."

பைக்கில் வந்த பெண் மடியில் வைத்தே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு கண்டம் தாண்டியது என்று ரோவேனா மூச்சு விட்டாள். அந்த நிம்மதியை நினைத்து அடுத்த நிமிஷமே அவளுக்கு அவள்மேல் அருவருப்பாக இருந்தது.

துக்க வீட்டைப் பெருக்கக்கூடாது. நாலு நாளாகப் பிணத்துக்குத் துணையாக விழித்திருந்து சீட்டாடியவர்கள் உடைத்துப் போட்ட கடலைத் தோல் காலடியில் நொறுங்கியது. அதை மிதித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள் துரிங் அத்தை, வெனான்சியோவின் தங்கை. இந்த ஊரில் யார் செத்தாலும் முறை சொல்ல அவளைத்தான் கூப்பிடுவார்கள். சொந்த அண்ணன் சாவில் விடுவாளா?

"பெட்டி வாசல் தாண்டுறதுக்கு முன்னால குழந்தைகளை அதுக்கு மேல தூக்கிக் கை மாத்தணும். லிண்டாவோடதுங்க பெருசுங்க, பிரச்சினையில்ல. உன் பையன்தான் கவலை. இன்னும் ஞானஸ்நானம் வேற ஆகல."

"சரிங்க அத்தை."

"நீ இந்தப் பக்கம் நின்னு குடு, லிண்டா அந்தப் பக்கம் வாங்கட்டும். பேரைச் சொல்லிக் குடுக்கணும். பூபோய் கீபோய்னு செல்லப் பேரெல்லாம் செல்லாது. முழுப் பேர். அப்பத்தான் செத்தவனுக்கு விடை குடுத்த மாதிரி. இல்லேன்னா பேரனை விட்டுப் போக மனசு வராது. தூக்கத்துல வந்து கொஞ்சுவான், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும்."

"அப்பா அப்படியெல்லாம் செய்ய மாட்டாரு அத்தை."

"எங்கண்ணனை எனக்குத் தெரியாதா? அந்தப் பிள்ளைன்னா அவனுக்கு உசுரு. கட்டாயம் வருவான்." அத்தை முந்தானை இல்லாத குறைக்குக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பிலிருந்த பராக்கோ காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பேர். எப்படிப் பார்த்தாலும் அது வந்து பேரில்தான் நின்றது.

வெனான்சியோ பயணிகள் கப்பலில் சலவை அறையில் வேலை பார்த்தவர். கப்பலில் இருப்பவர்கள் உடுப்பெல்லாம் ஒரே இயந்திரத்தில் சுழன்று வரும். அதனால் ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் சிவப்பு நூலால் உடையவனின் எழுத்தைத் தைத்துவிட வேண்டும். வருஷக்கணக்கில் ஊரார் எழுத்தைத் தைத்துத் தைத்து அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. துண்டு, தலையணை உறை, கைக்குட்டை, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை எல்லாவற்றிலும் வி, எம், எல். வெனான்சியோ மராசிகான் லாந்திச்சோ. குடையின் துணியில்கூட விட்டுவைக்கவில்லை. எழுத்தில்லாத துணி அநாதை என்பார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. அந்த மூன்று எழுத்தும் வீட்டில் இன்னொருவருக்கு வரவேண்டும். சொந்தப் பிள்ளைகளுக்கு அது வாய்க்கவில்லை. நடுவில் தாயின் குடும்பப் பேர் வந்தாக வேண்டுமே, அவர் மனைவி ஔரேலியா காஸ்தில்யோ வீட்டுப் பெண். எழுத்து எப்படிப் பொருந்தும்? பிறகு மகன் டான்டே ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னபோது, பெண் என்ன படித்திருக்கிறாள், எந்த ஊர் என்று அவர் கேட்கவே இல்லை. குடும்பப் பேர் என்ன என்றார். மலபனான் என்றதும், "எம் எழுத்தா? அப்ப தாமதிக்காம முடிச்சிடு" என்றாராம்.

இந்தக் கதையைக் கல்யாண விருந்தில் அவரே எழுந்து சொன்னார். பந்தியே சிரித்தது. ரோவேனாவும் சிரித்தாள். ஆனால் சில வேடிக்கைகள் சிரித்து முடித்த பிறகுதான் குத்த ஆரம்பிக்கும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் அதைச் சொன்னார். அவள் மீன் குழம்பு வைத்தால் 'எம் வச்ச குழம்பு' என்றார். அன்பாகத்தான் சொன்னார், அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் உள்ளே ஒரு மூலையில், என்னை எடுத்தது ஓர் எழுத்துக்காக என்று ஒன்று உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

வயிற்றில் பிள்ளை என்றதும் அவர் வற்புறுத்தவும் இல்லை. "வெனான்சியோன்னு வைக்கச் சொல்லல. அது கிழட்டுப் பேரு. வியில ஆரம்பிச்சா போதும், மிச்சமெல்லாம் உன் இஷ்டம்" என்றார். அவ்வளவுதான் கேட்டார். பிரசவத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் தனியாக அலறி, டான்டே எங்கோ நடுக்கடலில் இருக்க, மறுநாள் ஆஸ்பத்திரிப் பெண் வந்து குழந்தை பேர் என்ன என்றபோது ரோவேனாவின் வாயில் வந்தது எலியாஸ். அந்த நிமிஷத்தில் அது அவளுக்குத் தேனாக இனித்தது. இந்த ஒன்று என்னுடையது என்று நினைத்தாள்.

அரை மணி கழித்து மாமனார் வந்து, குழந்தையைத் தொடக்கூடச் செய்யாமல், கதவோரம் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "வியா?" என்றார். அந்த முகத்தைப் பார்த்து அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

"வின்சென்ட் பா" என்றாள்.

வேறு ஊராக இருந்தால் ஒரு வாரத்தில் குட்டு உடைந்திருக்கும். இங்கே பிள்ளைக்குச் சொந்தப் பேர் தேவைப்படுவது பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும்தான். வீட்டில் அவன் பூபோய். தெருவில் பூபோய். டான்டேவிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். "ஞானஸ்நானத்துக்கு வருவேன்ல, நானே அப்பாகிட்டப் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றான். வெனான்சியோ அதற்குள் பிள்ளையின் துணிக்கெல்லாம் சிவப்பு நூலில் வி, எம், எல் போட ஆரம்பித்துவிட்டார். இடுப்புத் துணியிலிருந்து கொசுவலை வரைக்கும். துவைத்துக் காயப்போடும்போதெல்லாம் கொடி முழுக்க அந்த எழுத்து ஆடும். ரோவேனா முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளிப் போடுவாள்.

இன்று காலை டான்டே போனில் வேறு மாதிரி சொன்னான். அவன் கப்பல் கரைபிடிக்க இன்னும் பத்து நாள் ஆகும். "வின்சென்ட்னே சொல்லிடு. அப்பாவே போயிட்டாரு, இனிமே யாருக்காக இதைக் கிளறணும்? அம்மா மனசு வேற கஷ்டப்படும்."

"அப்பாவுக்கு விடை குடுக்கிறப்பப் பொய்ப் பேரா சொல்றது?"

"அதெல்லாம் அத்தை கட்டிவிடுற கதை ரோவேனா."

கதையாகவே இருக்கட்டும். ஆனால் பொய்ப் பேரைச் சொன்னால் அவள் மறுபடியும் அந்த மனிதரின் முகத்துக்கு நேரே பொய் சொல்கிறாள், அவர் எதிர்க் கேள்வி கேட்க முடியாத நேரம் பார்த்து. உண்மையைச் சொன்னால் ஊர் கூடியிருக்கும் இடத்தில், இந்த ஒரு வருஷமாகக் கிழவரை ஏமாற்றியவள் என்று நிற்க வேண்டும். மாமியாரோடு ஒரே கூரையின் கீழ் இன்னும் எத்தனை காலம் இருக்க வேண்டும் அவள். இரண்டு பக்கமும் யோசித்து யோசித்துக் காப்பியில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டாள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் மிலாக்ரோஸ் அப்போதுதான் வந்தாள். சீருடையோடு வந்து பெட்டிக்கு முன்னால் சிலுவை போட்டுவிட்டு, ரோவேனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன மாசம்தான பார்த்தேன். திடமா இருந்தாரே. உனக்கு உடம்பு சரியில்லன்னு அவர்தான் பையனை ஊசிக்குத் தூக்கிட்டு வந்தாரு."

ரோவேனாவுக்கு ஞாபகம் இருந்தது. காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். தடுப்பூசி அட்டையை அவளேதான் பையில் வைத்து அனுப்பினாள். பிறகுதான், அதில் எலியாஸ் என்றிருக்குமே என்று திக்கென்றது. அவர் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்ததைப் பார்த்த பிறகு மனசு சமாதானமாயிற்று.

"வயசாச்சுல்ல, காதும் மந்தமாயிருக்கும் பாவம்" என்று மிலாக்ரோஸ் தொடர்ந்தாள். "எலியாஸ் லாந்திச்சோன்னு கூப்பிடுறேன், ஆள் அசையவே இல்ல. மறுபடியும் கூப்பிட்டேன். பக்கத்துல இருந்த பொம்பளைகிட்ட, யாரோட பிள்ளைம்மா, சீக்கிரம் எழுந்து போகச் சொல்லுன்னு அவரே சொல்லிட்டிருக்காரு. மூணாவது தடவை தாய் பேரும் சேர்த்துச் சொன்னேன். அப்புறம்தான் மெதுவா எழுந்து வந்தாரு."

"ஏதாவது... சொன்னாரா?"

"என்ன சொல்லணும்? ஆமா, இவன்தான் எலியாஸ்னாரு. ஊசி போடுறப்பக் கண்ணை மூடிக்கிட்டாரு, பிள்ளையைவிட அவருக்குத்தான் பயம்."

மிலாக்ரோஸ் சிரிப்பும் அழுகையுமாகப் போய் உட்கார்ந்தாள். அன்று மத்தியானம் பிள்ளையைப் படுக்கையில் கொண்டுவந்து விட்டபோது, "அழவே இல்ல, சூரன்" என்று மட்டும்தான் சொன்னார் அவர். அதற்கு இரண்டு நாள் கழித்து, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"மகளே, ஞானஸ்நானச் சட்டையைத் தைச்சு முடிச்சிட்டேன். ஒரு எழுத்து மட்டும்தான் பாக்கி. எதுவும் மாத்தணுமா?"

"எதுக்குப் பா மாத்தணும்?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"சும்மா கேட்டேன். ஒருதரம் போட்டுட்டா பிரிக்கிறது கஷ்டம், துணியில ஓட்டை விழும். அதான்."

"ஒண்ணும் மாத்த வேணாம் பா."

"சரி. அவசரம் ஒண்ணுமில்ல. இன்னும் நாள் இருக்கு." கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தார். பிறகு ஒரு கட்டுத் துணியை எடுத்து அவளோடு மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவு பக்கத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற மனிதரிடம் அவள் மடிப்பு சரியில்லை என்று குறை வேறு சொன்னாள்.

"ரோவேனா." மாமியார் ஔரேலியா உள்ளறை வாசலில் நின்றாள். நாலு நாளில் ஆள் பாதியாகியிருந்தாள். "பாதிரியார் கிளம்பிட்டாராம். பிள்ளைக்கு அந்த ஞானஸ்நானச் சட்டையைப் போடு. அவர் தைச்சதை அவர் ஒருதரம் பார்க்கட்டும்."

"ஆவி அண்டாம இருக்கக் குழந்தைக்கு ஏதாவது சிவப்பு இருக்கணும்னு அத்தை சொன்னாங்கம்மா."

"எழுத்து சிவப்புதான? போதும். அவர் பெட்டியில மேலேயே இருக்கும்."

கப்பலுக்குக் கொண்டுபோன மரப்பெட்டி அவர் கட்டிலுக்கடியில் இருந்தது. ரோவேனா முழங்காலிட்டு இழுத்தாள். சட்டை மேலேயே, செய்தித்தாளில் சுற்றி இருந்தது. மெல்லிய வெள்ளைத் துணி, கழுத்தில் சின்னச் சின்ன மடிப்பு. நெஞ்சுப் பக்கம் எம் இருந்தது, எல் இருந்தது. அவற்றுக்கு முன்னால் வி இருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் இருந்தன. ஒரு நூலிழைகூட விடாமல் பொறுமையாகப் பிரித்து, நனைத்து, தேய்த்துப் பார்த்திருக்கிறார். துளை மூடவில்லை. துணியில ஓட்டை விழும் என்று அன்று வந்து நின்று சொன்னது இதைப் பிரித்த பிறகுதான். பக்கத்தில் சிவப்பு நூல் கோத்த ஊசி ஒன்று, தொடங்கக் காத்திருப்பதுபோல் துணியில் குத்தி நின்றது.

வெளியில் யாரோ நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது. வெட்கத்தில் உடம்பு எரிந்தது. அவர் திட்டியிருக்கலாம். ஒரு நாள் பேசாமல் இருந்திருக்கலாம். மருமகள் ஏமாற்றிவிட்டாள் என்று லிண்டாவிடமாவது புலம்பியிருக்கலாம். எதுவும் செய்யாமல் ஓர் எழுத்துக்கு இடம் விட்டு வைத்துவிட்டுச் செத்துப்போய்விட்டார்.

துணியிலிருந்து ஊசியை உருவினாள். பிள்ளையைக் குத்திவிடக்கூடாது. வைக்க இடம் தெரியாமல், தன் ரவிக்கையில் நெஞ்சோரம் குத்தியிருந்த கறுப்புத் துக்கப் பின்னுக்குப் பக்கத்தில் குத்திக்கொண்டாள்.

கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். தூக்குகிறவர்கள் வெள்ளைச் சட்டையில் தயாராக இருந்தார்கள். உறவுக்காரப் பெண் ஒருத்தி போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். அதில் டான்டேயின் முகம் அசைவதும் உறைவதுமாக இருந்தது. லிண்டாவின் பெண்கள் இருவரும் கூச்சத்தோடு பெட்டிக்கு மேலே கைமாறி இறங்கினார்கள். துரிங் அத்தை ஒவ்வொரு தடவையும் பேரைச் சரியாகச் சொன்னார்களா என்று காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டாள்.

"இப்ப நீ. உரக்கச் சொல்லணும்."

ரோவேனா பிள்ளையைத் தூக்கிக் கண்ணாடிக்கு மேலே நீட்டினாள். அவன் கீழே குனிந்து பார்த்தான். தெரிந்த முகம். கையை நீட்டிச் சிரித்தான். கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள்.

"எலியாஸ்" என்றாள்.

லிண்டா கையை நீட்டவில்லை. "யாரு?"

"எலியாஸ்."

போனில் டான்டே ஏதோ சொல்ல வாயெடுத்தான், படம் நின்றுவிட்டது. மாமியாரைப் பார்க்க ரோவேனாவுக்குத் துணிவில்லை. அவள் கண்ணாடிக்குள்ளிருந்த முகத்தைப் பார்த்தாள்.

"எலியாஸ் மலபனான் லாந்திச்சோ. உங்க பேரன் பா. பேர் வச்சது நான்தான். வின்சென்ட்னு உங்ககிட்டச் சொன்னது பொய்."

"என்னடி இது?" என்றாள் துரிங் அத்தை. "எங்கண்ணன் பாவி, வி எழுத்து வி எழுத்துன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு..."

"துரிங்." ஔரேலியாவின் குரல் உயரவில்லை. "பிள்ளையைத் தூக்கிட்டு நிக்கிறா, கை வலிக்கும். லிண்டா, வாங்கு."

லிண்டா வாங்கினாள். தம்பி மனைவியின் முகத்தைப் பார்க்காமல் வாங்கினாள். பெட்டி வாசலைத் தாண்டியது.

கல்லறையிலிருந்து யாரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. சாவு பின்னாலேயே வந்துவிடுமாம். எங்காவது நின்று, உட்கார்ந்து, அதை உதறிவிட்டுத்தான் போக வேண்டும். லாந்திச்சோ வீட்டார் சந்தை முனையிலிருந்த ரொட்டிக் கடையில் இறங்கினார்கள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பன்தெசால் ரொட்டியின் வாசனை தெரு வரைக்கும் வந்தது. லிண்டாவும் துரிங் அத்தையும் உள்பக்க மேசைக்குப் போய்விட்டார்கள். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று ரோவேனாவுக்குக் கேட்காமலே தெரிந்தது. அவள் பிள்ளையோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஔரேலியா வந்து அருகில் உட்கார்ந்தாள். ஒரு ரொட்டியைப் பிட்டு, ஊதி, பிள்ளையின் கையில் கொடுத்தாள்.

"மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட..." என்று ரோவேனா ஆரம்பித்தாள்.

"அந்தச் சட்டையில எழுத்தைப் பிரிச்சிட்டு ஏன் சும்மா வச்சிருக்கீங்கன்னு கேட்டேன்" என்றாள் ஔரேலியா, தெருவைப் பார்த்தபடி. "எனக்கு ஒண்ணும் விளங்கல. ரோவேனா வந்து சொல்லுவா, அப்பப் போட்டுக்கலாம்னாரு. தினமும் நீ அடுப்படியிலேருந்து வர்றப்பெல்லாம் பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு உக்கார்ந்திருப்பாரு. நான் பார்த்திருக்கேன்."

கோபமா, இல்லையா என்று அவள் குரலில் தெரியவில்லை. உள்ளேயிருந்து லிண்டா கூப்பிட்டதும் முழங்காலில் கையூன்றி எழுந்து போனாள்.

பிள்ளை ரொட்டியைச் சப்பிக்கொண்டே அவள் நெஞ்சில் தொங்கிய சிவப்பு நூலைப் பிடித்து இழுத்தான். ரோவேனா அவன் விரலைப் பிரித்து, ஊசியை எடுத்து, காற்றில் பறந்த நூலை அவன் சட்டையில் துளைகளின்மேல் வைத்துப் பார்த்தாள். வி-க்கு இரண்டு சாய்ந்த கோடு. கொடியில் தினமும் பார்த்த எழுத்து, அதற்கு எவ்வளவு நூல் ஓடும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கோட்டுக்கு வைத்தாள், இன்னொரு கோட்டுக்கு வைத்தாள். நூல் முடியவில்லை. எலியாஸின் இ-க்கு, நின்ற கோடு ஒன்றுக்கும் படுத்த கோடு மூன்றுக்கும் சரியாக வரும் நீளத்தில் அதை வெட்டி வைத்திருந்தார்.